உயர்வு என்னும் சொல்: வழங்கப்பெற்றுவரும் ஓய்வூதியமும் வரிச்சட்டமும்

முன்னுரை

மொழியியல் பயின்ற ஒருவர் வரிச்சட்டத்தின் வரலாற்றைப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் சட்டம் என்பது சொற்களால் கட்டப்பட்டது. ஒரு சொல்லுக்கு எப்பொருள் கொள்வது என்னும் வினாவே பல வேளைகளில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதையும் அணைவதையும் முடிவு செய்கிறது. அத்தகைய சொற்களுள் ஒன்று 'உயர்வு'.

ஒருவர் பணி ஓய்வு பெற்று, மாதந்தோறும் ஓய்வூதியம் பெற்றுவருகிறார். சில ஆண்டுகள் கழித்து அத்தொகை கூட்டப்படுகிறது. அவருக்குப் புதிதாக ஏதேனும் கிடைத்ததா? அல்லது முன்பு கிடைத்ததே தேய்ந்துபோக, தேய்ந்த பகுதி மட்டும் நிரப்பப்பட்டதா? ஓய்வூதியரைக் கேட்டால் நிரப்பப்பட்டது என்பார். கணக்கேட்டைப் பார்க்கும் வரி அலுவலர் எண் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டுவார். இவ்விரு விடைகளுக்கும் இடையே பிரிட்டனின் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழிதேடி வந்துள்ளது. அவ்வரலாற்றை முறைப்படுத்திக் கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கம். நம் நாட்டு ஓய்வூதிய மரபும் அந்த வேரிலிருந்தே கிளைத்தது என்பதால், இறுதியில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்வேன்.

பெயரில் பொதிந்த கருத்து

முதலில் பெயர்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'பென்ஷன்' என்னும் சொல் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அவ்வேருக்கு எடைபோடுதல், எடைபோட்டுக் கொடுத்தல் என்னும் பொருள்கள் உண்டு. நாணயத்தை எண்ணாமல் நிறுத்துக் கொடுத்த காலத்தின் எச்சம் அச்சொல்லில் இருக்கிறது. மலாய் மொழி அதனை 'பென்சென்' என ஏற்றுக்கொண்டது. நம் பேச்சுத் தமிழில் அது 'பென்சன்' ஆயிற்று.

தமிழின் பழைய அலுவலக வழக்கில் இதற்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். பணியிலிருக்கும்போது பெறுவது சம்பளம். பணி முடிந்தபின் பெறுவது உபகாரத்தால் வரும் சம்பளம். கொடுப்பவரின் கருணையை முதன்மைப்படுத்தும் பெயர் இது. பின்னர் வந்த 'ஓய்வூதியம்' என்னும் சொல் அந்நோக்கை மாற்றியது. 'ஊதியம்' என்பது திருக்குறளில் பயன், ஆதாயம் என்னும் பொருளில் ஆளப்படும் சொல். இக்கால வழக்கில் அது உழைப்புக்குரிய கூலியைக் குறிக்கிறது. ஆகவே ஓய்வூதியம் என்றவுடன், முன்பே உழைத்து ஈட்டியதை ஓய்வில் பெறுதல் என்னும் கருத்து வந்துவிடுகிறது.

உபகாரமா, ஊதியமா என்னும் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உபகாரம் எனில், அதனைக் கூட்டுவதும் கூட்டாமல் விடுவதும் கொடுப்பவரின் விருப்பம். ஊதியம் எனில், அதன் மதிப்பைக் காப்பது கடமை. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரு கருத்துகளும் மாறிமாறித் தலைதூக்குவதைக் காணலாம்.

மாறாத தொகையும் மாறிய விலையும்

பிரிட்டனின் அரசுப் பணியாளர்க்கான ஓய்வூதியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்ட வடிவம் பெற்றது. 1834ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் திருத்தியமைத்த 1859ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் முதன்மையானவை. 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு ஓய்வூதியமாகும். உச்ச அளவு அறுபதில் நாற்பது பங்கு. அதாவது, நாற்பதாண்டு பணிபுரிந்தவர் தம் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கைப் பெறுவார். இந்த 'மூன்றில் இரண்டு' என்னும் அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு நூற்றாண்டு கழித்து அது வரிச்சட்டத்தில் மீண்டும் தோன்றும்.

அக்காலத்தில் ஓய்வு பெறும் நாளில் உறுதிசெய்யப்பட்ட தொகை இறுதிவரை மாறாது. அதில் பெரிய குறையும் தோன்றவில்லை. விலைவாசி ஏறியும் இறங்கியும் வந்ததேயன்றி, நீண்ட காலத்துக்கு ஒரே திசையில் ஓடவில்லை. முதல் உலகப் போர் அந்நிலையைக் குலைத்தது. 1914க்கும் 1920க்கும் இடையே பிரிட்டனில் வாழ்க்கைச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. போருக்கு முன் ஓய்வு பெற்றவர் கையில் வாங்கிய தொகை அதேதான்; அதனைக் கொண்டு வாங்கக்கூடிய பண்டமோ பாதிக்கும் கீழே போயிற்று.

இதற்கு விடையாக வந்ததே 1920ஆம் ஆண்டின் ஓய்வூதிய உயர்வுச் சட்டம். அதன் பெயரிலேயே 'உயர்வு' என்னும் சொல் இடம்பெற்றது. ஆனால் அவ்வுயர்வு எல்லார்க்கும் உரியதாக இல்லை. வயதும் குறைந்த வருமானமும் தகுதிகளாக வைக்கப்பட்டன. துன்பம் கண்டு இரங்கிக் கொடுத்த துணைத்தொகையாகவே நாடாளுமன்றம் அதனைக் கருதியது என்பதற்கு இத்தகுதிகளே சான்று. உபகாரக் கருத்து அங்கே வென்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இதே முறை தொடர்ந்தது. 1944, 1947, 1952, 1956, 1959 எனச் சட்டத்துக்குமேல் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் விலை முன்னே ஓட, ஓய்வூதியம் மூச்சிரைக்கப் பின்னே ஓடிற்று. 1971ஆம் ஆண்டின் ஓய்வூதிய உயர்வுச் சட்டம் இச்சட்டங்களை ஒருங்கிணைத்து, குறித்த கால இடைவெளியில் மறுஆய்வு செய்யும் நெறியை நிலைநாட்டியது. 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று பொதுத்துறை ஓய்வூதிய உயர்வை, அரசு முதியோர்க்கு வழங்கும் ஓய்வூதிய உயர்வோடு பிணைத்தது. இரக்கத்தின் பெயரால் வந்தது முறைமையாக மாறிய காலம் அது.

அம்மாற்றம் வந்த வேளை குறிப்பிடத்தக்கது. 1975 ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனின் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 27 விழுக்காட்டைத் தொட்டது. 1970 முதல் 1980 வரையிலான பத்தாண்டுகளில் சில்லறை விலைகள் மூன்று மடங்குக்கும் மேல் ஏறின. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு விலை ஏறினால், மாறாத தொகையின் மதிப்பு ஏழாண்டு கடந்த சிறிது காலத்தில் பாதியாகிவிடும். அறுபத்தைந்தில் ஓய்வு பெற்றவர் எழுபத்திரண்டில் பாதி ஓய்வூதியத்தில் வாழ்கிறார் என்பதே அதன் பொருள்.

வரி எங்கே நுழைந்தது

இதுவரை கூறியது உயர்வின் வரலாறு. இனி வரியின் வரலாற்றைக் காண்போம்.

1921ஆம் ஆண்டு நிதிச் சட்டம், ஒப்புதல் பெற்ற ஓய்வூதிய நிதிகளுக்கு ஒரு சலுகையை வழங்கியது. பணியாளரும் முதலாளியும் நிதியில் செலுத்தும் தொகைக்கு வரிவிலக்கு. நிதி தன் முதலீடுகளால் ஈட்டும் வருமானத்துக்கும் வரிவிலக்கு. பின்னர், ஓய்வூதியமாக வெளிவரும்போது அது வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உள்ளாகும். விதைக்கும்போதும் வளரும்போதும் வரி இல்லை. அறுவடையில் உண்டு என இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இந்நெறியில் உயர்வுக்குத் தனிச்சிக்கல் எதுவும் இல்லை என்று தோன்றும். ஓய்வூதியம் கூடினால், கூடிய தொகையும் அவ்வாண்டின் வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான வரிக்கு உட்படும்; அவ்வளவே. ஆனால் சிக்கல் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. வரிச்சலுகை உடைய எதற்கும் அரசு ஓர் எல்லை வகுத்தாக வேண்டும். அன்றேல், செல்வந்தர் தம் செல்வம் முழுவதையும் ஓய்வூதியம் என்னும் பெயரில் அதனுள் நுழைத்துவிடுவர்.

1970ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வகுத்த நெறியில் அந்த எல்லை, இறுதிச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு. 1859இல் அரசுப் பணியாளர்க்கு உச்சமாக வகுக்கப்பட்ட அளவே இங்கு அனைவர்க்கும் உரிய வரி எல்லையாக மறுபிறவி எடுத்தது. அது ஓய்வு பெறும் நாளில் அளக்கப்படும் எல்லை. ஓய்வு பெற்றபின் வரும் உயர்வை என்ன செய்வது?

இரண்டு தீய வழிகள் திறந்திருந்தன. எல்லையை ஓய்வு நாளோடு நிறுத்திவிட்டால், அடுத்த மாதமே ஓய்வூதியத்தை இரட்டிப்பாக்கி எல்லையை ஏமாற்றலாம். எல்லையை இறுதிவரை அசையாமல் வைத்தால், விலைவாசிக்கு ஈடுகொடுக்கும் நேர்மையான உயர்வுகூடக் குற்றமாகிவிடும். வரித்துறை நடுவழியைத் தேர்ந்தது. உச்ச அளவு ஓய்வூதியம் சில்லறை விலைக் குறியீட்டின் ஏற்றத்துக்கு ஒப்பத் தானும் ஏறலாம் என ஏற்றுக்கொள்ளப்பட்டது. விலை ஏற்றத்துக்கு ஈடாக வருவதை உயர்வாகக் கொள்ள வேண்டியதில்லை என்னும் கருத்து, வரித்துறையின் நடைமுறைக்குள் அமைதியாக நுழைந்தது.

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். வரித்துறை உயர்வை அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. தனியார் நிறுவன ஓய்வூதியத் திட்டங்களில் உயர்வு வழங்குவது நெடுங்காலம் அத்திட்டத்தின் விதிகளையும் நிர்வகிப்போரின் விருப்பத்தையும் சார்ந்தே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டமே முதன்முறையாக, 1997 ஏப்ரல் 6 முதல் ஈட்டப்படும் ஓய்வூதியம் விலைக் குறியீட்டுக்கேற்ப, ஆண்டுக்கு 5 விழுக்காடு வரை உயர்த்தப்பட வேண்டும் எனப் பொதுவிதியாக்கியது. 2004ஆம் ஆண்டுச் சட்டம், 2005 ஏப்ரல் 6 முதல் ஈட்டப்படுவதற்கு அவ்வரம்பை 2.5 விழுக்காடாகக் குறைத்தது. 1997க்கு முன் உழைத்த உழைப்புக்கு இப்பொதுவிதியின் காப்பு இல்லை. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையைச் செய்த இருவருள், முன்னே பிறந்தவரின் ஓய்வூதியம் தேய, பின்னே பிறந்தவரது காக்கப்படும் நிலை இன்றும் அங்கே நீடிக்கிறது.

படிகமான பயன்: 2006ஆம் ஆண்டின் புதுநெறி

2004ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பழைய எல்லைகள் அனைத்தையும் நீக்கிப் புதுநெறி ஒன்றை அமைத்தது. அது 2006 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தின் பங்கு என்னும் எல்லைக்குப் பதிலாக, ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் வரிச்சலுகையோடு சேர்க்கத்தக்க ஓய்வூதியச் செல்வத்துக்கு ஒரே வரம்பு விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் அந்த வாழ்நாள் வரம்பு 15 இலட்சம் பவுண்டு.

மாத ஓய்வூதியத்தைச் செல்வமாக எப்படி அளப்பது? ஆண்டுத் தொகையை இருபதால் பெருக்க வேண்டும் என்றது சட்டம். ஆண்டுக்கு 30,000 பவுண்டு ஓய்வூதியம் எனில், அதன் மதிப்பு 6,00,000 பவுண்டு; 15 இலட்சத்தில் அது 40 விழுக்காடு. வரம்பைக் கடந்த பகுதிக்குத் தண்டவரி உண்டு. கடந்த பகுதியை ஓய்வூதியமாகப் பெற்றால் 25 விழுக்காடு. மொத்தத் தொகையாக எடுத்தால் 55 விழுக்காடு.

இவ்வாறு அளக்கப்படும் தருணங்களுக்குச் சட்டம் இட்ட பெயர் ஒரு மொழியியலாளரை நின்று நோக்கச் செய்யும். 'பயன் படிகமாகும் நிகழ்வு' என அதனைத் தமிழாக்கலாம். வேதியியல் கூடத்துச் சொல் வரிச்சட்டத்துக்குக் குடியேறியது. கரைசலில் உருவமின்றிக் கிடந்த உப்பு படிகமாக இறுகும்போது நிறுக்கத்தக்கதாகிறது; அதுபோல, வாக்குறுதியாகக் கிடந்த ஓய்வூதியம் வழங்கப்படத் தொடங்கும்போது அளக்கத்தக்கதாகிறது. உவமை அழகியதே. ஆனால் இறுகிய படிகம் பின்னர் வளர்ந்தால் என்ன செய்வது?

அந்நிகழ்வுகளின் பட்டியலில் மூன்றாவதாக வைக்கப்பட்டது இதற்கான விதி. ஏற்கெனவே வழங்கப்பெற்றுவரும் ஓய்வூதியம், அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்து உயர்த்தப்பட்டால், கடந்த பகுதி புதிதாக ஒருமுறை அளக்கப்படும். அனுமதிக்கப்பட்ட அளவு யாது? ஓய்வூதியம் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு 5 விழுக்காடு என்னும் வீதம், அல்லது சில்லறை விலைக் குறியீட்டின் ஏற்றம். இவ்விரண்டில் எது கூடுதலோ அது. இவற்றுள் கூடுதலானதை எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு பொருளற்றதன்று. 2022 அக்டோபரில் அவ்விலைக் குறியீட்டின் ஆண்டு ஏற்றம் 14 விழுக்காட்டைத் தாண்டியது. வெறும் 5 விழுக்காட்டோடு சட்டம் நின்றிருந்தால், விலையைத் துரத்திப் பிடித்த உயர்வும் தண்டவரிக்கு ஆளாகியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேன். ஒருவர் தம் வாழ்நாள் வரம்பு முழுவதையும் முன்பே பயன்படுத்திவிட்டார். அவர் பெறும் ஓர் ஓய்வூதியம் ஆண்டுக்கு 40,000 பவுண்டு எனக் கொள்வோம். ஓராண்டு கழிகிறது, விலை ஏற்றம் 5 விழுக்காட்டுக்குக் கீழ். அனுமதிக்கப்பட்ட அளவு 42,000 பவுண்டு. அத்திட்டமோ அவருக்கு 44,000 பவுண்டாக உயர்த்தித் தருகிறது. கடந்த பகுதி 2,000 பவுண்டு. இருபதால் பெருக்க, 40,000 பவுண்டு புதிதாகப் படிகமாகிறது. அதன்மீது 25 விழுக்காடு, 10,000 பவுண்டு தண்டவரி. ஆண்டுக்கு 2,000 பவுண்டு கூடுதலாகப் பெறுவதற்கு, ஐந்தாண்டுக் கூடுதலை முன்கூட்டியே வரியாகக் கொடுக்க வேண்டும். அதன் பின்னரும் ஆண்டுதோறும் அத்தொகைக்கு வழக்கமான வருமான வரி உண்டு.

இவ்விதி கடுமையானது போல் தோன்றினாலும், அதன் நோக்கம் தெளிவானது. முதலாண்டில் 10,000 பவுண்டு ஓய்வூதியம் எனக் காட்டி 2 இலட்சமாக அளக்கச் செய்துவிட்டு, மறுஆண்டில் 60,000 ஆக்கிக்கொள்ளும் தந்திரத்தை அது அடைத்தது. பெரிய திட்டம் ஒன்றில் ஒரு வகையினர் அனைவர்க்கும் ஒரே வீதத்தில் வழங்கும் உயர்வுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். ஒருவருக்காகச் செய்யும் சூழ்ச்சி அனைவர்க்குமான உயர்வில் இருக்க வாய்ப்பில்லை. ஈடுகட்டும் உயர்வு, புதிதாகச் சேர்க்கும் உயர்வு என இரண்டாகப் பகுத்து, முதலதை விடுத்து இரண்டாவதை அளக்கும் நெறியை இங்குச் சட்டம் எண்களால் எழுதிவைத்தது.

எனினும் வாழ்நாள் வரம்பு நிலைக்கவில்லை. 2010இல் 18 இலட்சம் பவுண்டாக ஏறிய அது, 2012இல் 15 இலட்சமாகவும், 2014இல் 12.5 இலட்சமாகவும், 2016இல் 10 இலட்சமாகவும் இறக்கப்பட்டது. 2020 முதல் 10,73,100 பவுண்டில் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியம் விலையோடு ஏறுவதை ஒப்புக்கொண்ட அதே சட்டம், அதனை அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தது. 2023 ஏப்ரலில் தண்டவரி நீக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 6 அன்று வரம்பே ஒழிக்கப்பட்டது. அதனோடு வழங்கப்பெறும் ஓய்வூதிய உயர்வை அளக்கும் மூன்றாவது நிகழ்வும் வரலாறாயிற்று.

வரம்பு போயிற்று, வினா போகவில்லை

வாழ்நாள் வரம்பு செல்வம் உடையோரைப் பற்றியது. எளியோர்க்கு அவ்வினா வேறு வடிவில் வருகிறது.

பிரிட்டனில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வருமானம் வரை வரி இல்லை. அவ்வெல்லை 2021 ஏப்ரல் முதல் 12,570 பவுண்டில் அசையாது நிற்கிறது. அரசு வழங்கும் முதியோர் ஓய்வூதியமோ, விலை ஏற்றம், சம்பள ஏற்றம், 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் கூடுதலானதைப் பின்பற்றி ஏறும் கொள்கைக்கு உட்பட்டது. புதிய முறையில் முழு அரசு ஓய்வூதியம் 2022-23ஆம் ஆண்டில் வாரத்துக்கு 185.15 பவுண்டு, 2025-26இல் 230.25 பவுண்டு. 52 வாரங்களுக்குக் கணக்கிட்டால், 9,627.80 பவுண்டு 11,973 பவுண்டாக ஏறியது.

அரசு ஓய்வூதியத்தோடு, தாம் உழைத்த நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 2,900 பவுண்டு பெறும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். அவருடைய நிறுவன ஓய்வூதியம் 1997க்கு முந்திய உழைப்புக்குரியது. அது உயர்வதே இல்லை எனக் கொள்வோம். 2022-23இல் அவருடைய மொத்த வருமானம் 12,527.80 பவுண்டு. எல்லைக்குக் கீழே இருப்பதால் வரி இல்லை. 2025-26இல் மொத்தம் 14,873 பவுண்டு. எல்லையைக் கடந்த 2,303 பவுண்டுக்கு 20 விழுக்காடு வீதத்தில் 460.60 பவுண்டு வரி. அரசு ஓய்வூதியத்தில் வரியைப் பிடித்துக்கொள்வதில்லை. நிறுவன ஓய்வூதியத்திலிருந்தே பிடிப்பது வழக்கம். ஆகவே ஒரு காசும் ஏறாத அந்தச் சிறு தொகை, அவர் கைக்கு வரும்போது முன்னைவிடக் குறைந்து வருகிறது. விலைக்கு ஈடாக ஒரு கையால் கொடுத்ததன் ஒரு பங்கை மறுகை வாங்கிக்கொள்கிறது. இதற்கெனப் புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஓர் எண் அசையாமல் நின்றதே போதுமானதாயிற்று.

நம் மண்ணோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. பிரிட்டனில் உழைத்து அரசு ஓய்வூதியத்துக்கு உரிமை பெற்ற ஒருவர், ஓய்வுக்காலத்தை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இலங்கையிலோ கழித்தால், அவருக்கு ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடையாது. குடிபெயர்ந்த நாளில், அல்லது ஓய்வூதியம் தொடங்கிய நாளில், இருந்த தொகை அப்படியே உறைந்துவிடும். 2016இல் வாரத்துக்கு 155.65 பவுண்டு பெற்றுக் கோலாலம்பூரில் குடியேறியவர் இன்றும் அதனையே பெறுவார். அவரே பிலிப்பீன்சில் குடியேறியிருந்தால் உயர்வு உண்டு; அந்நாட்டோடு பிரிட்டனுக்கு உடன்பாடு இருக்கிறது. இவ்வேறுபாட்டை எதிர்த்து நடந்த வழக்கு, 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவையில் ஓய்வூதியர்க்கு எதிராக முடிந்தது.

நம் நாடுகளில்

மலேசியாவில், உரிய வயதில் ஓய்வு பெற்ற அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. ஆதலால் உயர்வுக்கும் இல்லை. இங்கு அதே வினா வரித்துறையை விட்டு அரசியலமைப்பின் வாசலில் வந்து நின்றது.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயர் 'அக்தா பெலாராசான் பென்சென்'. 'லாராஸ்' என்னும் வேர் ஒத்திசைவையும் ஒருசீர்மையையும் குறிக்கும். பிரிட்டனின் சட்டப் பெயரில் 'உயர்வு' இருக்க, நம் சட்டப் பெயரில் 'சீரமைவு' இருப்பதைக் காண்க. 'ஏற்றம்' என்னும் பொருள் தரும் 'கெனாய்க்கான்' என்னும் சொல் மலாயில் இருந்தும் அது இங்கு ஆளப்படவில்லை. பெயருக்கேற்பவே நடைமுறையும் அமைந்தது. பணியில் இருப்போரின் சம்பள அளவு திருத்தப்படும்போது, அதே தரத்தில் ஓய்வு பெற்றோரின் ஓய்வூதியமும் அதற்கேற்பச் சீரமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தொடர்பை நீக்கி, ஆண்டுக்கு 2 விழுக்காடு நிலையான உயர்வு என மாற்றியது.

இதனை எதிர்த்து ஓய்வூதியர்கள் வழக்குத் தொடுத்தனர். கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் பிரிவு, அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு அவருக்குரிய நாளில் நடப்பிலிருந்த சட்டமோ, அதனினும் நன்மையில் குறையாத பிற்காலச் சட்டமோ பொருந்தும் என்கிறது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் உரிய பிரிவுகள் இதற்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. இத்தீர்ப்பின் உட்பொருளை ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஆண்டுதோறும் 2 விழுக்காடு என்பது ஐயத்துக்கிடமின்றி ஏறும் எண். ஆயினும் ஏறும் எண்ணே முன்னைவிட நன்மை குறைந்ததாக இருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கண்டது.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதியின் வாழ்நாள் திட்டத்தில், ஆண்டுதோறும் 2 விழுக்காடு ஏறும் ஒரு தெரிவு 2018 முதல் உண்டு. அதற்கு வரி இல்லை. ஆனால் அதனைத் தேர்வோர் தொடக்கத்தில் குறைந்த தொகையைப் பெறுகின்றனர். பின்னாளில் வரும் உயர்வை முன்னாளில் தாமே வாங்கிக்கொள்கின்றனர். அங்கு உயர்வு உபகாரமும் அன்று, புதுச்செல்வமும் அன்று. தம் பணத்தைத் தாமே காலத்தில் நகர்த்திவைக்கும் ஏற்பாடு.

முடிவுரை

ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், மூன்று நிலைகள் புலனாகின்றன. 1920இல் உயர்வு இரக்கமாக இருந்தது. 1970களில் அது விலைக் குறியீட்டோடு பிணைந்த முறைமையாயிற்று. 2006இல் எவ்வளவு உயர்வு ஈடுகட்டல், எவ்வளவு புதுச்செல்வம் என்று சட்டம் கணக்கிட்டுப் பிரித்தது. இன்று அக்கணக்கு நீங்கியபோதும், அசையாத வரி எல்லை எளியோர் பெறும் ஈட்டையும் புதுச்செல்வம் போலவே நடத்துகிறது. சட்டத்தின் அறிவு முன்னேறிய இடத்திலிருந்து அதன் நடைமுறை பின்வாங்கிவிட்டது என்பதே என் கருத்து.

தமிழ் வழக்கில் இதற்கு ஒரு விடை முன்பே உண்டு. விலையேற்றத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு சேர்த்து வழங்கும் தொகையைத் தமிழ்நாட்டில் 'அகவிலைப்படி' என்பர். 'அகவிலை' என்பது தானியத்தின் விலையைக் குறிக்கும் பழஞ்சொல். அச்சொல்லில் உயர்வும் இல்லை, உபகாரமும் இல்லை. நெல்லின் விலை மட்டுமே இருக்கிறது. நெல் விலை ஏறியதால் கொடுக்கப்படுவது, நெல் வாங்கவே போதும் என்னும் உண்மையைப் பெயரே சொல்லிவிடுகிறது.

மாணவர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். நாளேட்டில் 'ஓய்வூதியம் உயர்வு' என்னும் தலைப்பைக் காணும்போது, அதனருகே இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள்: அவ்வாண்டின் விலை ஏற்றம் ஒன்று, வரி தொடங்கும் எல்லை மற்றொன்று. ஓய்வூதியம் அவ்விரண்டையும் விஞ்சியிருந்தால் மட்டுமே அங்கு 'உயர்வு' என்னும் சொல் தன் பொருளைத் தருகிறது. மற்ற இடங்களில் அதற்கு வேறு சொல் தேவைப்படுகிறது. அச்சொல்லைத் தேர்வது மொழி பயிலும் நம் கடமை.